பதினோரு மைல்

கில்ஸ்தார்ப் சந்தை ஊரிலிருந்து ஹோர்ன்விக் கடற்கரைக்குப் போனால் பதினோரு மைல். ஹோர்ன்விக்கிலிருந்து கில்ஸ்தார்ப்புக்கு வந்தால், வருகிறவர் ஹோர்ன்விக்காரராக இருக்கும் பட்சத்தில், அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பது அந்தந்த வருடத்தைப் பொறுத்தது. கல்லூரிகளை மாவட்டத்தின் கையிலிருந்து பிரித்து, இனி அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லண்டன் சொன்ன இலையுதிர் காலத்தில் சாலை நீளத் தொடங்கியது. முதலில் ஒரு வளைவு கூடியது. அடுத்து ஒரு முட்டைக்கோஸ் வயல், அறுவடைக்குத் தயாராக. அதற்கடுத்த வருடம் ஒரு தேவாலயம், பின்னாலேயே ஒரு முழுக் கிராமம். அந்தக் கிராமத்தார் தாங்கள் எப்போதும் அங்கேதான் இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டதற்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்கள். மைல்கற்களும் கூடின. ஒரு கல்லில் கில்ஸ்தார்ப் 11 என்று இருக்கும். நெடுநேரம் ஓட்டிய பிறகு வரும் அடுத்த கல்லிலும் 11 என்றுதான் இருக்கும். திரும்பிப் போகும்போது மட்டும் ஹோர்ன்விக்காரர்களுக்கும் பதினொன்றே, இருபது நிமிடத்தில் வீடு. ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பெரிதாக முணுமுணுக்கவில்லை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தாமதமாகத்தான் வந்து சேரும் என்று பழகிப்போனவர்கள் அவர்கள். ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்தபோதும் இப்படித்தான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வட்டாரத்தில் ஏழு தொழில் கல்லூரிகள் இருந்தன. பள்ளி முடித்தும் முடிக்காமலும் வந்த பிள்ளைகள் அங்கே குழாய் வேலை, செங்கல் வேலை, முடி திருத்தல், சமையல், முதியோர் பராமரிப்பு எல்லாம் படித்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தவர்களும் உண்டு. ஏழு கல்லூரிகளுக்குமாகப் பேசுவதற்குக் கிழக்குக் கரைக் கல்லூரிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாக இருந்தவை கில்ஸ்தார்ப் கல்லூரியின் மாடியில் ஒரு அறை, ஒரு நீள மேசை, ஏழு நாற்காலிகள், ஜாய்ஸ் மான்பி என்ற செயலாளர், அப்புறம் இரண்டு விதிகள். ஒரு கல்லூரியின் விஷயத்தை அதன் முதல்வர் அறைக்குள் இல்லாதபோது பேசக் கூடாது என்பது முதல் விதி. சங்கம் தொடங்கிய வருடம் ஒரு முதல்வர் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து மற்ற இருவர் அவருடைய செங்கல் வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்த அசிங்கத்துக்குப் பிறகு வந்த விதி. மதிய உணவு வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்பது இரண்டாவது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை அவர்கள் எடுத்த முடிவுதான் தண்ணீர் நிற்காத அந்த நீச்சல் குளம். இன்றைக்கும் அதில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். இரண்டு விதிகளும் நியாயமானவை. நியாயமான இரண்டு விதிகளை அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு பெரிய அநியாயம் நடக்கும் என்பதைத்தான் நாங்கள் பிறகு பார்த்தோம்.

உணவைத் தள்ளிப் போடவும் வழியில்லை. கூட்டம் நடக்கும் கல்லூரியின் சமையல் பிரிவுப் பிள்ளைகள்தான் சமைத்துப் பரிமாறுவார்கள், அதுவே அவர்களுக்குப் பரீட்சை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். பன்னிரண்டரைக்கு சூப் மேசைக்கு வர வேண்டும், ஆவி பறக்க வேண்டும். தவறினால் வகுப்பு முழுவதும் தோல்வி.

ஹோர்ன்விக் கல்லூரியின் முதல்வர் ஹேசல் கார்பட். உயரமான பெண்மணி, கணவர் இல்லை, பெரிய கைகள், மீன்காரர் மகள். கூட்டம் பத்து மணிக்கு என்றால் முதல் வருடம் ஒன்பதுக்குக் கிளம்பினார், உணவு வந்த பிறகு போய்ச் சேர்ந்தார். அடுத்த தடவை ஏழுக்குக் கிளம்பினார், அப்போதும் உணவு வந்த பிறகு. விடியுமுன் கிளம்பினார். முந்தின நாளே கிளம்பி, புதிதாக முளைத்த கிராமத்தில் ஒரு விடுதியில் தங்கி, அங்கே அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டு வந்தார். எப்படி வந்தாலும் கதவைத் திறக்கும்போது எல்லோர் கையிலும் கரண்டி இருக்கும். தலைவர் ரோனால்ட் பிக்கர்ஸ்கில் எழுந்து நின்று வரவேற்பார். கில்ஸ்தார்ப் கல்லூரியின் முதல்வரும் அவர்தான். நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர், அதனால் யாருக்கும் ஒரு உபகாரமும் ஆகாதவர்.

“வாங்க ஹேசல், வாங்க. சரியா சூப்புக்கு வந்துட்டீங்க. பட்டாணி சூப், உங்களுக்குப் பிடிக்குமே.”

“சூப்புக்கு வரல ரோனால்ட். கூட்டத்துக்கு வந்தேன்.”

“அடடா, இப்பதான் முடிஞ்சுது. உங்க விஷயத்தை நாங்க தொடவே இல்ல, கவலைப்படாதீங்க.”

அதுதான் கவலையே என்று ஹேசல் சொன்னால் எல்லோரும் பரிவோடு சிரிப்பார்கள். வருடக்கணக்கில் இப்படியே போனது. ஒருமுறை ரோனால்ட் தானே காரை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துவரப் போனார். போக இருபது நிமிடம். ஹேசல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அதே சாலை அவருக்கும் நீண்டுவிட்டது. வழியில் முட்டைக்கோஸையும் தேவாலயத்தையும் முதல் தடவையாகப் பார்த்து, அழகான ஊர், இதை யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்றாராம். இருவரும் உணவு நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று ஹோர்ன்விக் விஷயத்தோடு கில்ஸ்தார்ப் விஷயமும் பேச முடியாமல் போனது. அதன் பிறகு அவர் அந்த உதவியைச் செய்யவில்லை. விதியைத் தளர்த்தலாமே என்று ஜாய்ஸ் ஒருமுறை கேட்டார். ஹோர்ன்விக்குக்காக விதியைத் தளர்த்துவது ஹோர்ன்விக்கின் விஷயம், அதை ஹேசல் இல்லாமல் பேசுவது முறையல்ல என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசலாமே என்றார். விதியில் அறைக்குள் என்று இருக்கிறது, தொலைபேசிக்குள் என்று இல்லை. மரியாதை என்பது சில சமயம் எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று ஜாய்ஸ் தன் அக்காவிடம் அன்று மாலை சொல்லி அழுதார்.

பிறகு அமைச்சகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பளபளப்பான காலணி, நல்ல பேச்சு. கில்ஸ்தார்ப்பிலிருந்து ஹோர்ன்விக்குக்குத் தானே காரோட்டிப் போய்ப் பார்த்தார், பதினோரு மைல். திரும்பியும் பதினோரு மைல், ஏனென்றால் அவர் ஹோர்ன்விக்காரர் அல்ல. இவ்வளவு பக்கத்தில் இரண்டு கல்லூரி எதற்கு, கடற்கரைப் பிள்ளைகள் பேருந்தில் கில்ஸ்தார்ப்புக்கு வந்து படிக்கலாமே என்றார். ஹேசல் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சாலை நீளும் விஷயத்தை விலாவாரியாகச் சொன்னார். இளைஞர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “மேடம், நான் உங்களை நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப் போகுது? வரைபடத்துல பதினொண்ணுன்னுதானே இருக்கு” என்றார். பொல்லாதவர் அல்ல அவரும். ஒரே ஒரு வழியை அவரே சொல்லிவிட்டுப் போனார். வட்டாரத்தின் எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து, சங்கத்தின் கூட்டத்தில் எடுத்த முடிவாக, ஹோர்ன்விக் வேண்டும் என்று சொன்னால் அமைச்சகம் மூடாது. கோடை விடுமுறைக்கு முன் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் இருந்தவை இரண்டே கூட்டங்கள். முதலாவதுக்கும் ஹேசல் உணவு வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

இதற்கு ஒரு வழி அன்று சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தோன்றியது. சாப்பாட்டு மேசையில் அலுவல் பேசக் கூடாதே தவிர, விருந்துக்கு அழைக்கலாம்.

“அடுத்த தடவை எல்லாரும் எங்க ஊருக்கு வந்துடுங்க. உங்களுக்கு இருபது நிமிஷம்தானே. கடல் காத்து வாங்கலாம்.”

“மீன் வறுவல் உண்டா?” என்று ஒருவர் கேட்டார்.

“வந்து பாருங்க. இல்லேன்னா நானே பிடிச்சு வறுத்துத் தர்றேன், மீன்காரன் பொண்ணுதானே.”

மேசையே சிரித்தது, எல்லோரும் சம்மதித்தார்கள். ஜாய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஹேசலின் கையை மேசைக்கடியில் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே அறைக்குள், பத்து மணிக்கு இருக்கப் போகிறார்கள்.

ஹோர்ன்விக் கல்லூரியின் சமையல் பிரிவில் அப்போது லீயான் ஸ்டோர் என்று ஒரு பெண் இருந்தாள். அம்மா கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் வண்டி வீடுகளைத் துடைத்துப் பெருக்குகிறவர். லீயான் சமைத்தால் சாப்பிட்டவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் நாலு பேர் பார்க்க ஒரு தட்டை எடுத்து நடந்தால் அவள் கை நடுங்கும். இரண்டு தடவை பரிமாறல் பரீட்சையில் சூப்பைச் சிந்தித் தோற்றிருந்தாள், ஒரு தடவை தேர்வாளர் மடியிலேயே. மூன்றாவது தடவைதான் கடைசி, அதற்கு மேல் விதி இடம் தராது. அந்த மூன்றாவது தடவை சங்கத்தின் கூட்டத்தன்று வந்தது. ஹேசல் அவளைப் பல வாரம் காலி அறையில் தண்ணீர்க் கிண்ணங்களோடு நடக்க வைத்தார். “என்னை எதுக்கு மேடம் பார்க்குறீங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை” என்பாள். “நட கண்ணு, வாயை மூடிட்டு நட” என்பார் இவர்.

அன்று காலை ஆறு முதல்வர்களும் ஜாய்ஸும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஹேசல் அறைக்குள் இருந்தார். கடல் சன்னலுக்கு வெளியே சாதாரணமாக இருந்தது. ஆனால் விருந்துக்கு வந்தவர்களிடம் முதலில் தன் குறையைச் சொல்லுவது அழகல்ல என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டம் நடக்கும் கல்லூரியின் விஷயத்தைக் கடைசியில்தான் எடுப்பார்கள். எழுதாத விதி அது, எழுதியதைவிடக் கெட்டியானது. ஆகவே வாகன நிறுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். கல்லூரிகளுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டியைப் பற்றிப் பேசினார்கள். சங்கத்தின் விளம்பரப் படத்தில் நிற்கும் மாணவன் தலைக்கவசம் போட்டிருக்க வேண்டுமா, போட்டால் சிரிப்பு தெரியுமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஜாய்ஸ் மூன்று தடவை இருமினார். ரோனால்ட் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஹோர்ன்விக்கின் விஷயத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. வாசலில் தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை மேலங்கியில் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்றது. முன்னால் லீயான், இரண்டு கையிலும் சூப் கிண்ணம், ஆவி முகத்தில் அடிக்க. அன்று அவள் கை நடுங்கவில்லை. ஒரு சொட்டு அசையவில்லை.

ரோனால்டுக்கே மனம் கேட்கவில்லை. “ஹேசல், ஒரு ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லட்டுமா? நாங்க எல்லாரும் சரின்னுதான் சொல்லப் போறோம். கையைத் தூக்கினா முடிஞ்சுது.”

“ரெண்டு நிமிஷம் பொறுத்தா சூப் ஆறிடும்.”

“சூப்தானே.”

“உங்களுக்கு சூப்” என்றார் ஹேசல்.

அவர் தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் தலையை ஆட்டினார், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிற மாதிரி. அன்று அந்த அறையில் எல்லோரும் ஆட்டியது அந்த ஒரே ஆட்டல்தான். ஹேசல் லீயானைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு மேசையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிண்ணத்தின் விளிம்பைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை. பார்க்காதே என்றுதான் ஹேசல் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“பரிமாறட்டும்” என்றார்.

லீயான் நடந்து வந்தாள். முதல் கிண்ணத்தைத் தலைவருக்கு முன்னாலும் இரண்டாவதைத் தன் முதல்வருக்கு முன்னாலும் சத்தமில்லாமல் வைத்தாள். கூட்டம் முடிந்தது. சூப் மிக நன்றாக இருந்தது. அப்படியொரு சூப்பைத் தாங்கள் குடித்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், பொய் இல்லை. ஜாய்ஸ் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முழுவதும் தேறியது. லீயானுக்கு முதல் இடம். அதைக் கேட்டு அவள் சமையலறையில் கத்திய சத்தம் மேசை வரை வந்தது. ஹேசல் சிரித்தார், உடனே எழுந்து சன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. போயிருக்கலாம்.

கோடையில் கல்லூரியை மூடினார்கள். பலகைகளையும் அடுப்புகளையும் லாரியில் ஏற்றினார்கள். ஹோர்ன்விக் பிள்ளைகள் அனைவருக்கும் கில்ஸ்தார்ப்பில் இடம் உண்டு, பேருந்தும் உண்டு என்று அமைச்சகம் அறிவித்தது. சொன்னபடி புதுப் பேருந்தும் வந்தது. லீயான் முதலாவதாகத் தேறியிருந்ததால் மேல்வகுப்பில் அவளுக்கு உறுதியான இடம் கிடைத்தது, அதாவது பேருந்தில் முன்வரிசையில் ஒரு இருக்கை. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அது கிளம்பியது. கல்லூரி இல்லாத முதல்வருக்கு வேறு வேலை இல்லை என்பதால் ஹேசலும் ஏறிக்கொண்டார்.

திங்கள் மாலை வரை பேருந்து கில்ஸ்தார்ப்புக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கல்லூரி என்று ஒன்று அந்த முனையில் இருந்தவரை சாலைக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்கும் போல; மூடியபின் தன் இஷ்டத்துக்கு நீண்டுவிட்டது. வெள்ளி மாலை ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார், இருபது நிமிடத்தில் எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் இறங்கினார்கள். அடுத்த திங்கள் மறுபடி கிளம்பினார்கள். அம்மாக்கள் தலையணையும் மாற்றுத் துணியும் கொடுத்தனுப்பினார்கள். என்றைக்காவது ஒரு வாரம் போய்ச் சேர்ந்துவிடும் என்று முதல் வருடம் முழுவதும் நம்பினார்கள். கில்ஸ்தார்ப் கல்லூரியில் அவர்களை வராதவர்கள் என்று குறிக்க முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்; தாமதம் என்று குறித்தார்கள். ஆகவே கணக்குப்படி ஹோர்ன்விக் பிள்ளைகள் ஒருவர்கூடப் படிப்பை விடவில்லை. அமைச்சகம் இதை மெச்சி ஒரு பாராட்டு அனுப்பியது.

ஹேசல் பேருந்திலேயே வகுப்பு எடுத்தார். குழாய் வேலையை வழியிலிருந்த பண்ணை வீடுகளில் கற்றார்கள், முடி திருத்தலை ஒருவர் தலையில் ஒருவர். புதிதாக முளைத்த கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஏறினார்கள். அங்கேயும் கல்லூரி இல்லை, எப்போதும் இருந்ததில்லையாம். லீயான் ஓடும் வண்டியில் நின்றபடி எல்லோருக்கும் சூப் பரிமாறினாள், எந்த வளைவிலும் சிந்தாமல். ஆனால் அதைப் பார்த்து மதிப்பெண் போட யாரும் இல்லை. போய்ச் சேர்ந்தால்தான் சான்றிதழ். ஒரு வியாழக்கிழமை அவள் ஹேசலிடம், “மேடம், நான் அன்னிக்கு சிந்தியிருந்தா நல்லா இருந்திருக்குமோ?” என்று கேட்டாளாம். அதற்குள் யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். “சிந்தியிருந்தா உன்னை வண்டியிலேருந்து தள்ளியிருப்பேன். போய் அந்தப் பசங்களுக்கு ரொட்டி வை” என்றார் ஹேசல். சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே இன்னொரு பதினொன்று கடந்து போனது.

கில்ஸ்தார்ப்காரர்கள் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும்போது எதிரே அந்தப் பேருந்து வருவதைப் பார்ப்பார்கள், கையசைப்பார்கள், உள்ளே இருப்பவர்களும் கையசைப்பார்கள். பேருந்து நல்ல வேகத்தில்தான் வரும். இப்போது பல வருடம் ஆகிவிட்டது. முதலில் ஏறியவர்களில் சிலருக்குக் கல்யாணம் ஆகி, அவர்கள் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள். லீயான் இப்போது பேருந்தில் சமையல் சொல்லிக் கொடுக்கிறாள், இன்னும் மேல்வகுப்பின் முதலாண்டு மாணவியாக.

சங்கம் தொடர்ந்து கூடுகிறது. ஹோர்ன்விக் கல்லூரியை மூடியது சரியா என்பதை அவர்கள் இன்றுவரை பேசவில்லை, ஹேசல் அறைக்குள் இல்லாததால். அதே காரணத்தால் அவர் பெயரை நீக்கவும் இல்லை. ரோனால்ட் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் கூட்ட நாட்களில் வந்து மாடிச் சன்னலோரம் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் சாலையின் கடைசி வளைவும், அதில் பேருந்தும் தெரியும். வந்த வழியே திரும்பிப் போவதற்கான சைகை விளக்கு அதில் எரிந்துகொண்டிருக்கும். “வந்துட்டாங்க ஜாய்ஸ், இதோ வந்துட்டாங்க” என்பார் ஒவ்வொரு தடவையும். ஜாய்ஸ் ஏழு நாற்காலி போடுவார். பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சூப் கொண்டு வருவார்கள். ஏழாவது கிண்ணத்தை ஹேசலின் இடத்தில் வைத்து, ஆறாமல் இருக்க ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு, மற்றவர்கள் சாப்பிடத் தொடங்குவார்கள்.